மூன்றாவது துளையில் சந்தனம்

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளைத் தாண்டும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மல்லிகைக்குப் பயந்து அல்ல. கடைக்காரப் பெண் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டிருப்பாள். அந்த நேரம் பார்த்து சிக்னலில் ஒரு பழைய லோரி நின்று, சூடேறிய எண்ணெயின் பெருமூச்சை நடைபாதைமேல் விடும். இரண்டும் தனித்தனியே வந்தால் தாங்கிக்கொள்வேன். சேர்ந்து வந்தால் கால் நின்றுவிடும். பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போவார்கள். நேற்று ஒருவர், "ஆன்டி, ஓரமா நில்லுங்க லா" என்றார். ஓரமாக நின்றேன். சந்தனமும் கருகிய எண்ணெயும். அந்த வாசனை எதிலிருந்து வரும் என்று தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். ரொம்ப நாள் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் என் கதை.

அப்போது நாங்கள் கிள்ளானில் இருந்தோம். என் கணவர் எஞ்சின் கட்டுகிறவர். எல்லா எஞ்சினும் அல்ல, காற்றில் குளிர்கிற எஞ்சின் மட்டும். முதுகு வளைந்த அந்தப் பழைய ஜெர்மன் கார் இருக்கிறதே, மலாய்க்காரர்கள் கூரா என்று, ஆமை என்று செல்லமாகச் சொல்வது, அதன் பின்புறத்தில் படுத்துக் கிடக்கும் நாலு சிலிண்டர் எஞ்சின். அதற்குத் தண்ணீர் கிடையாது. மேலே காற்று, உள்ளே எண்ணெய், அவ்வளவுதான். சூட்டைச் சுமப்பதும் எண்ணெய், தேயாமல் காப்பதும் எண்ணெய். மற்ற எஞ்சினுக்கு எண்ணெய் ஒரு வேலைக்காரன், இதற்கு அதுதான் தாய் என்பார்.

பகலில் யாரோ ஒருவரின் பட்டறையில் வேலை. மாலையில் எங்கள் வீட்டின் பின்சந்தைப் பார்த்த தகரக் கொட்டகையில் அவருடைய சொந்த வேலை. நான் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். பிளாஸ்டிக் மூடிகள் பெல்ட்டில் வரும். குறையுள்ளதைப் பொறுக்கி எடுப்பேன். கண் அதற்குப் பழகிவிட்டது. சோற்றில் கல், மனிதர்களில் பொய், எல்லாம் சட்டென்று தெரியும் என்று எனக்கு ஒரு பெருமை. தரம் பார்க்கிற வேலைக்கு ஆங்கிலச் சுருக்கமான கியூசி என்றுதான் அவர் என்னைக் கூப்பிடுவார். "கியூசி, சட்னி பாஸாச்சா?" என்பார். எதையும் மூடுவதற்கு முன்னால் என்னிடம் காட்டுவார். விளக்கடித்துப் பார்த்து நான் சரி என்றால்தான் மூடுவார். எனக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் சுத்தம் தெரியும், கீறல் தெரியும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் மிக நெருக்கமான நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அவர் ஒரு இரும்பைத் திருப்பிப் பிடிக்க, நான் குனிந்து பார்த்த நேரங்கள்.

அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கிராங். பிஸ்டன்கள் முன்னும் பின்னும் போவதைச் சுழற்சியாக மாற்றும் அந்தக் கோணல்மாணலான இரும்புத் தண்டு. அது இரும்பின்மேல் சுற்றுவதில்லை, தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது. அதன் உடம்புக்குள்ளேயே துளைகள் போகின்றன. அந்தத் துளை வழியாகத்தான் பிஸ்டனைத் தாங்கும் கைகளுக்கு, கன்ராடுகளுக்கு, எண்ணெய் போய்ச் சேரவேண்டும். பழைய கிராங்கில் ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் துளையின் வாய் எண்ணெய் வரும் வழிக்கு நேராக வரும். மிச்சச் சுற்றெல்லாம் பசியோடு ஓடவேண்டும். மெதுவாகப் போகிறவனுக்கு அது போதும். எஞ்சினைப் பெருக்கி, வேகத்தை ஏற்றி விரட்டுகிறவனுக்குப் போதாது. அதனால் கிராங்கைக் குறுக்காகத் துளைத்து இன்னொரு வாய் திறப்பது அவர் திட்டம். ஒரு சுற்றுக்கு இரண்டு வாய் எண்ணெய்.

மற்ற பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குறுக்குத் துளை கிராங்கின் நடு மையத்தைக் கடந்து போகவேண்டும். வேகமாகச் சுற்றும் பொருளில் எண்ணெய் வெளிப்பக்கம்தான் ஓடப் பார்க்கும். ரவாங்கிலிருந்து வந்த ஒருவர் எங்கள் கொட்டகையில் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "பாஸ், ராட்டினத்துல உக்காந்துக்கிட்டு நடுவுல துப்பிப் பாரு. ஒம்மேலதான் விழும்."

"துப்பறவனுக்குத் தெம்பு இருந்தா போய்ச் சேரும்ணே," என்றார் இவர்.

அந்தத் தெம்புக்காகப் பம்பை மாற்றினார், பெரிதாக. பேரிங்கில் எண்ணெய் சுற்றிவரக் கால்வாய் வெட்டினார். இரண்டு கிராங் துளைத்தார், ஒன்று தவறினால் ஒன்று. கன்ராடு உட்காரும் நான்கு இடத்திலும் துளையின் வாயைக் கண்ணீர்த் துளி வடிவத்தில் செதுக்கினார். எண்ணெய் முட்டாமல் வழுக்கி இறங்குவதற்கு. கையால்தான். ஒரு வாய்க்கு ஒரு மாலை. நான் பக்கத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். இரும்பில் இவ்வளவு மென்மையாக ஒருவர் கை வைக்க முடியும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கிள்ளானில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்த ஒரு சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, தன்னுடைய கூராவை நம்பி ஒப்படைத்தார். பந்தயத் திடலில் ஓட்டிப் பார்க்க ஆசை அவருக்கு. இந்த எஞ்சின் தாக்குப்பிடித்துக் காட்டினால் அவருடைய கூட்டாளிகள் அத்தனை பேரும் வருவார்கள், இவர் வெளி வேலையை விட்டுவிடலாம். ஆனால் என் கணவருக்கு அது இரண்டாம் பட்சம். நடுவைக் கடந்து எண்ணெய் போய்ச் சேரும் என்று ஒரு தடவை தெரிந்தால் போதும் அவருக்கு.

எல்லாம் கழுவிக் காய்ந்து, நான் ஒவ்வொரு துளையிலும் மெல்லிய கம்பி பிரஷ் விட்டு, விளக்கடித்துப் பார்த்து முடித்த மறுநாள் ஆயுத பூஜை வந்தது.

பட்டறைக்காரர் வீட்டில் ஆயுத பூஜை சின்னதாக நடக்காது. வாழை இலை விரித்து ஸ்பேனர்கள், அளவுக் கருவிகள், டிரில் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு. நடுவில் கிராங். நான் பாசாரிலிருந்து வாங்கி வந்த சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்தேன். கிராங்கின் மேல் எங்கே பொட்டு வைப்பது? வழவழப்பான இடத்தில் வைத்தால் கோபிப்பாரோ என்று தயங்கினேன். பிறகு அவர் செதுக்கிய அந்த நான்கு கண்ணீர்த் துளிகளைப் பார்த்தேன். அவருடைய உழைப்பெல்லாம் அங்கேதானே இருக்கிறது. மோதிர விரலால் ஒவ்வொரு வாயிலும் சந்தனத்தை அழுத்தி வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். நான்கு கண் திறந்த மாதிரி இருந்தது. அவர் சூடம் காட்டினார். இரண்டு பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுதப்போவதில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. ஒரு பகல், ஒரு இரவு, சந்தனம் காய்ந்தது.

விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் கட்ட ஆரம்பிக்கவேண்டும் என்று இருந்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கால் மணி நேரம் என்றிருக்கும்போதுதான் கிராங்கைக் கையில் எடுத்தார். எண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தார். நான்கில் மூன்று வாயிலிருந்து சந்தனம் உதிர்ந்தது. மூன்றாவது வாயில் இருந்தது உள்ளே போனது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கம்ப்ரெஸரைப் போட்டுக் காற்றடித்திருந்தால் வெளியே பறந்திருக்கும். போட நேரமில்லை.

"ஓட்டையெல்லாம் பாத்தாச்சா கியூசி?" என்றார்.

"பாத்தாச்சு."

பார்த்துத்தான் இருந்தேன், முந்தாநாள். இடையில் சாமி மட்டும்தானே வந்துபோனது என்று நினைத்திருப்பேன். நினைத்தேனா என்றுகூட இப்போது தெரியவில்லை.

எஞ்சின் சாவியின் முதல் திருகலிலேயே பிடித்தது. சில நாள் மெதுவாக ஓட்டிப் பழக்கினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜெஞ்சாரோம் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் ஒரு சாலை. நான் பக்கத்து இருக்கையில். என் வேலை எண்ணெய் அழுத்தம் காட்டும் மானியைப் பார்த்துக்கொண்டிருப்பது. முதல் ஓட்டம் நன்றாக இருந்தது. இரண்டாவதில் அவர் ஏதோ முணுமுணுத்தார், பாட்டு மாதிரி. மூன்றாவதில் முழுதாக ஏற்றினார். மானியின் முள் ஆடவில்லை. "எப்படி?" என்று கத்தினார். "அப்படியே நிக்குது," என்று நானும் கத்தினேன். சிரித்தோம். இப்போது தெரியும்: மானி அழுத்தத்தைத்தான் சொல்லும். எண்ணெய் போய்ச் சேர்ந்ததா என்று சொல்லாது.

முதலில் யாரோ கதவைத் தட்டுவது போல. பிறகு சுத்தியல். பிறகு ஒரே ஒரு முறிவு. முதுகில் அறைந்தது மாதிரி. கார் தன் எண்ணெயையெல்லாம் சாலையில் கொட்டிவிட்டு ஓரத்தில் நின்றது. கன்ராடு முறிந்து எஞ்சினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அவர் கீழே இறங்கி, பார்த்து, செம்பனை நிழலில் போய் உட்கார்ந்தார்.

கொட்டகையில் பிரித்தபோதும் அவர் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்க மனமில்லை. உடைந்ததை ஒருதடவை கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நடுவுக்கு எண்ணெய் வரல. அவனுங்க சொன்னதுதான் சரி," என்றார். கிராங்கை என்னிடம் தள்ளினார், கழுவிச் சாக்கில் போடச் சொல்லி. வெளியே சந்தில் போய் நின்றுகொண்டார்.

நான் கழுவினேன். பழக்கம், துளைகளில் பிரஷ் விட்டேன். மற்ற மூன்று துளையிலும் சுத்தமாக எண்ணெய் வந்தது. மூன்றாவதில் பிரஷ் முட்டியது. திருகி இழுத்தேன். பிஸ்கட் துண்டு மாதிரி ஒன்று வெளியே வந்தது, வெளிப்பக்கம் கறுப்பு, உள்ளே பழுப்பு. விரலில் நசுக்கினேன். வாசனை வந்தது.

முதலில் சொன்னேனே, அந்த வாசனை.

அவர் வாசலிலிருந்து, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "ஓட்டையில ஏதாச்சும் இருந்துச்சா?"

ஒரு பெல்ட் நிறைய மூடிகளில் ஒரு கீறலைக் கண்டுபிடிக்கிறவள் நான். அதற்குத்தான் சம்பளம். நான் சொன்னேன்:

"ஒண்ணுமில்ல."

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். பயம். வெட்கம். அந்தச் சந்தனத்தை நான் எவ்வளவு ஆசையோடு வைத்தேன் என்பதை ஒரு குற்றமாக எடுத்து நீட்ட முடியாமல் போனது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தது. மறுநாள் அவர் முகம் இன்னும் வாடியிருந்தது, அடுத்த நாளுக்குத் தள்ளினேன். தள்ளத் தள்ளச் சொல்லவேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அது சந்தனமாக இல்லை, நானாகிவிட்டது.

மூன்று வருடம். கொட்டகைக் கதவைப் பூட்டினார். துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றும் லோரி ஓட்டப் போனார். தவுக்கேயிடம் தானே போய், தன் யோசனை தப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். தவுக்கே கோபப்படவில்லையாம், அதைச் சொல்லும்போதுதான் இவர் குரல் உடைந்தது. ஈப்போவிலிருந்தோ எங்கிருந்தோ யாராவது போனில் கூப்பிட்டுக் குறுக்குத் துளை போடலாமா என்று கேட்பார்கள். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பொறுமையாகச் சொல்வார், போடாதீங்க, நான் போட்டுப் பாத்துட்டேன், போய்ச் சேராது. நான் எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றுவேன். தன் மொத்த அறிவையும் ஒரு மனிதர் என் முன்னாலேயே தப்பு என்று அழித்துக்கொண்டிருக்க, நான் ரசம் ஊற்றினேன்.

கியூசி என்று கூப்பிடுவது எப்போது நின்றது என்று நினைவில்லை. மூட எதுவும் இல்லை, காட்ட எதுவும் இல்லை.

பழைய இரும்பு வாங்கும் லோரி ஒரு சனிக்கிழமை காலை சந்துக்குள் வந்தது. அவரே வரச் சொல்லியிருந்தார். ஆணிப் பெட்டி, உடைந்த எஞ்சின் சுவர், எல்லாம் போனது. கடைசியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த இரண்டாவது கிராங்கைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

"அத ஏத்தாதீங்க," என்றேன்.

"இது எதுக்கு உனக்கு?"

"நீங்க போட்ட ஓட்டை தப்பில்ல."

ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு நடந்தார். பின்னாலேயே போய்ச் சொன்னேன். மூணாவது ஓட்டையில சந்தனம் இருந்துச்சு, பூஜைக்கு நான் வெச்சது, கழுவும்போது நான்தான் எடுத்தேன். லோரிக்காரருக்கும் கேட்டிருக்கும். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

என் கணவர் கிராங்கைத் தரையில் மெல்ல இறக்கி வைத்தார். தானும் உட்கார்ந்தார்.

"காஞ்சிருந்துச்சா?"

"கல்லு மாதிரி."

"மத்த மூணு?"

"கண்ணாடி மாதிரி. பேரிங்ல ஒரு கோடு இல்ல."

"ஒரு கோடு இல்ல?"

"இல்லங்க."

"அப்ப எண்ணெ போயிருக்கு," என்றார்.

சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் சொல்ல முடியாது. மூன்று வருடத்தில் முதல் சிரிப்பு. அது என்னைப் பார்த்துச் சிரித்ததல்ல. காகிதத்தைப் பிரித்து, துளையின் வாயில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். லோரிக்காரர் மெதுவாக, "அண்ணே, ஏத்தவா வேணாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று கை காட்டினார். அதற்குப் பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது, கண்ணில் இல்லை.

"அன்னைக்கு ஒன்னக் கேட்டேன்ல," என்றார். அவ்வளவுதான்.

கொட்டகை திறந்தது. தவுக்கேயிடம் போனார், அவர் இன்னும் அந்தக் காரை விற்காமல் வைத்திருந்தார். மாலைகளில் மறுபடி விளக்கு எரிந்தது. நான் தேநீர் கொண்டுபோய் வாசலில் நிற்பேன். வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்" என்பார். பத்தொன்பது வருடத்தில் அவர் எனக்குத் தேங்க்ஸ் சொன்னதே கிடையாது. அந்த ஒரு சொல்லில் நான் அந்த வீட்டுக்கு விருந்தாளி ஆகிவிட்டேன். துளைகளை அவரே பார்த்தார். ஒருமுறை பார்த்து, கீழே வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்தார். விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு. பிடிக்க ஆளில்லாதவர் மாதிரி.

அதே சாலையில், தவுக்கேயைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு காலை முழுக்க ஓட்டினார். எதுவும் உடையவில்லை. வீட்டுக்கு வந்து, சந்தேகம் தீர மறுபடி பிரித்து, ஒரு பேரிங்கை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். மங்கலான சாம்பல் நிறம், புதிது போல. நான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். அவர் அதை வாங்கி, ஜன்னலோரம் போய், தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"கோவமில்லம்மா," என்றார். "சந்தனம் பெரிசில்ல. நானுந்தான் அன்னைக்குக் கும்புட்டேன். ஆனா இனிமே நீ எது சொன்னாலும் நான் போயி ஒருக்கா பாத்துட்டு வருவேன். சோறு வெந்துச்சுன்னு சொன்னாக்கூட. அப்படி ஒரு வீட்டுல இருக்க முடியல."

பதில் சொல்ல எனக்குப் பல வார்த்தை இருந்தது. நான் வார்த்தைகளோடு வாழ்கிறவள். மூடிகளுக்கு நடுவே பெல்ட்டின் சத்தத்துக்குப் பாட்டு வரிகள் கட்டிப் பழகியவள். ஆனால் எந்த வரி வந்தாலும் அதையும் அவர் எழுந்து போய்ச் சரிபார்ப்பார் என்று தெரிந்தது.

ஜெஞ்சாரோமில் ஒரு கடைவீடு பிடித்தார். கீழே பட்டறை, மேலே அறை. தவுக்கேயின் கூட்டாளிகளின் ஆமைகள் அங்கே வரிசையில் நிற்கின்றன என்று கேள்விப்படுகிறேன். போனில் யாராவது கேட்டால் இப்போது போடுங்கள் என்றுதான் சொல்வாராக இருக்கும், எப்படிப் போடவேண்டும் என்றும். அதில் எனக்கு நிஜமான சந்தோஷம் உண்டு. அதை நினைத்தால்தான் அதிகம் அழுகை வருகிறது. அவருக்கு அவருடைய துளையைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்த கையைத்தான் அவரால் பிடிக்க முடியவில்லை.

அவர் வீட்டை விட்டுப் போன நாள் ஒரு திங்கட்கிழமை. நான் காலை வேலைக்குக் கிளம்பி நின்றேன், கழுத்தில் தொழிற்சாலை அட்டை. அவர் சாமான் அதிகமில்லை. இரண்டு பெட்டி, டிரில் மெஷின், ஒரு பாய். எல்லாம் வாடகை வேனில் ஏறியாயிற்று. ஓட்டுநர் எஞ்சினைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். என் கணவர் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறாமல் நின்றார். ஏதாவது சொன்னால் ஏறமாட்டார் என்று ஒரு கணம் தோன்றியது. எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான்.

"தவுக்கே எஞ்சின் எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது," என்றார். பிறகு என் கழுத்து அட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஏதாச்சும் சாப்டுட்டுப் போ."